நீர்நாய்க்கு ஏசி

"யாரு வெளிய சொன்னது?"

மேனேஜர் ராமலிங்கம் மேசையைத் தட்டிய வேகத்தில் கோப்பி சிந்தியது. விளையாட்டு விழா ஏற்பாட்டு அலுவலகமே தலையைக் குனிந்துகொண்டது. ஒப்பந்த ஊழியரான நிரஞ்சனாவும்தான்.

எல்லாம் முந்தின நாள் டிவியில் வந்த நகைச்சுவைத் தொடரால் வந்த வினை. அதிலும் ஒரு விளையாட்டு விழா அலுவலகம். விழாச் சின்னமான நீர்நாயின் பொம்மை உடைக்குத் தனி ஏசி அறை. துப்புரவு அக்காக்கள் சாப்பிடுவதோ கழிவறைப் பக்கத்துப் படிக்கட்டில். ஊரே சிரித்தது.

இங்கேயும் அச்சு அசல் அதே கதைதான்.

"மத்தியானம் மட்டும் அந்த ரூமை அவங்களுக்கு விடலாமே" என்று நிரஞ்சனா கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுப் பார்த்தாள்.

"அடுத்த மீட்டிங்ல பேசலாம்" என்பார் குழுத் தலைவர். அந்த அலுவலகத்தில் முடியாது என்பதை அப்படித்தான் சொல்வார்கள். ராமலிங்கமும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவார்.

பக்கத்து மேசை ஜெய் அவள் காதருகே குனிந்தான். "உன்னைத்தான் எல்லாரும் பாக்குறாங்க. அடுத்த மாசம் உன் கான்ட்ராக்ட் வேற முடியுது லா."

அதற்குள் தலைவரே வந்துவிட்டார். "மானம் போச்சு! முதல்ல அந்த ரூமைத் திறந்து விடுங்க. சொன்னது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும், ராமலிங்கம்."

"சொன்னவங்களை விடமாட்டேன் சார்!" என்றார் ராமலிங்கம்.

அன்று மத்தியானம் துப்புரவு வேலை பார்க்கும் பாப்பாத்தி அக்காவும் மைமூனும் அந்த ஏசி அறையில் குளுகுளுவென்று உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். நீர்நாயின் கையில் பாப்பாத்தி அக்காவின் குடை தொங்கியது.

ராமலிங்கம் நிரஞ்சனாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"சத்தியமா நான் சொல்லல சார்."

"தெரியும்மா. நம்ம ஆபீஸ்ல யாரும் இல்லைன்னு தலைவர்கிட்ட சொல்லிட்டேன். உன் கான்ட்ராக்ட்டையும் நீட்டியாச்சு. போய் வேலையைப் பாரு."

உயிர் வந்தது. நன்றி சொல்ல நிமிர்ந்தவள் கண்ணில் அவர் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பாஸ் நாடா பட்டது. வழக்கம்போல ஒரு சுருக்கமில்லை.

"சார்... நேத்து டிவியில அந்த அசட்டு மேனேஜர், வீட்டுல பாஸ் நாடாவுக்கு இஸ்திரி போட்டாரே. அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

ராமலிங்கம் எழுந்து கதவைச் சாத்தினார்.

"டிவிக்காரங்ககிட்ட ரூம் விஷயத்தை மட்டும்தான்மா முதல்ல சொன்னேன். 'பாவமாத்தான் இருக்கு, சிரிப்பு வரலையே'ன்னாங்க. வேற என்ன பண்றது? என்னையும் சேர்த்துக் குடுத்துட்டேன்."