நரிக்கு வைத்த கோழித்தலை

“நரிக்கு வச்சதத் திருடித் திங்கிற அளவுக்கா நாக்கு நீண்டுபோச்சு?”

விடியற்காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் தோட்டத்துக் கண்டாக்கு ஐயா போட்ட சத்தத்தில், கொழுந்துக் கூடையும் இடுப்பில் கட்டிய படங்குமாக நின்ற சனம் மொத்தமும் காளியாயியைத் திரும்பிப் பார்த்தது. அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

“யாரு பார்த்தது? முன்னால வந்து சொல்லு.”

பிள்ளைக்காம்பிராவில் குழந்தைகளைப் பார்க்கிற இசபெல் வந்து நின்றாள்.

“நான்தாங்கய்யா. நேத்து சாயந்தரம் செபம் முடிஞ்சு வர்றேன், காட்டோரமா இவ சாக்கும் கையுமா நிக்கிறா. சாக்குக்குள்ள பூரா கோழித்தலைங்க. பார்த்ததப் பார்க்கலன்னு சொன்னா ஆண்டவர் பொறுக்க மாட்டாருங்களே.”

அந்தத் தலைகள் மிருக டாக்டர் ஜீப்பில் கொண்டுவந்து கொடுத்தவை. ஒவ்வொன்றுக்குள்ளும் மருந்து. தின்ற நரிக்கு வெறி பிடிக்காது; லயத்து வீடுகளுக்குள் வந்து பிள்ளைகளைக் கடித்துக் கொல்லாது. காடெங்கும் இடம் பார்த்து அவற்றை வைக்கிற வேலை, இசபெலின் புருஷன் யேசுரட்ணத்துக்கு. கணக்கு வேலை. இருநூறு தலையும் வைத்து முடித்தால் அன்றைய சம்பளத்துக்குப் பேர் விழும். நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

“மகள வெறிநரி கடிச்சு செத்து மூணு மாசம் ஆகல. அதுக்குள்ள இவளுக்குக் கறி கேக்குதா?” என்றார் சோலைமலைக் கங்காணி.

“விடுங்க கங்காணி, இனிமே காளியாயிக்கு வெறியே புடிக்காது!”

பின்வரிசையிலிருந்து வந்த குரலுக்குச் சனம் சிரித்தது.

“வாயத் தொறந்து சொல்லு. எதுக்கு எடுத்த?” என்றார் கண்டாக்கு ஐயா.

காளியாயி ஒரு தரம் இசபெலைப் பார்த்தாள்.

“கறிக்குத்தாங்கய்யா. புத்தி கெட்டுப்போச்சு.”

“ரெண்டு கெழமைக்கு ஒனக்கு வேல இல்ல. போ.”

இசபெலுக்கு மனசு பொறுக்கவில்லை. பின்னாலேயே ஓடிப்போய் அவளை வழியில் பிடித்தாள்.

“பசின்னா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல? திருடலாமா?”

“நான் எடுக்கலக்கா. வச்சுக்கிட்டிருந்தேன்.”

“என்னா சொல்ற?”

“ஒங்க வீட்டு அண்ணன் நேத்துக் காலையிலேயே எரநூறு தலையவும் தண்ணிக் கானுக்குள்ள கொட்டிட்டுப் போயிட்டாரு. கொழுந்து எடுக்கையில என் கண்ணால பார்த்தேன். வேல விட்டதும் சாக்குல அள்ளிக்கிட்டுப் போயி, நரி வர்ற தடமாப் பார்த்து ஒவ்வொண்ணா வச்சேன்.”

நேற்றுப் பத்து மணிக்கே வேலை முடிந்து பிள்ளைக்காம்பிரா வழியாக வந்த புருஷனைக் கண்டு, இசபெல் ஆண்டவருக்குத் தோத்திரம் சொல்லியிருந்தாள்.

“இத அங்கேயே சொல்றதுக்கு என்னா?”

“சொன்னா அண்ணனுக்குப் பத்துச்சீட்டுக் குடுத்து வேலைய விட்டு நிப்பாட்டி, லயத்த விட்டே எறக்கிருவாங்க. நாலு புள்ளைகளோட நீங்க எங்க போவீங்க?” காளியாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “எம்புள்ளைய அட்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி கேட்டுக் கால்ல விழுந்தேன். கொழுந்து ஏத்தணும்னாங்க. இப்ப நரிக்கு ஜீப்புல மருந்து வருது. வரட்டும்க்கா. இன்னொரு புள்ளையக் கடிக்காம இருந்தாச் சரி.”

இசபெல் திரும்பிப் பார்த்தாள். கண்டாக்கு ஐயா இன்னும் பெரட்டுக்களத்தில்தான் நின்றார். கூப்பிடு தூரம்.

அவள் காளியாயியின் கையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“இத வேற யார்கிட்டயும் சொல்லிறாத, தாயி.”