வாளிமேல் உட்கார்ந்த பெண்கள்

கவிழ்த்த ரப்பர் பால் வாளிகளில் உட்கார்ந்து, தோட்டத்துப் பாதையை மறிக்கும் இருபத்திரண்டு பெண்கள். சம்பளப் போராட்டத்தில் எடுத்த அந்தப் புகைப்படத்தை அறியாதவர் இல்லை. “எம்மக வேல செய்ற தோட்டம்!” என்று தன் ஊரான கலவான முழுக்கப் பீற்றிக்கொண்ட லோரன்ஸ், படத்தின் திறப்பு விழாவுக்கு எஹலியகொடவுக்கே வந்துவிட்டார். இரண்டு தரம் தேடியும் மகள் ஜெசிந்தாவின் முகம் படத்தில் இல்லை.

“அன்னிக்கு லயத்து வீட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்துச்சோ, அண்ணே?” என்று கூட வந்த சின்னத்தம்பி சிரித்தான்.

லோரன்ஸுக்குத் தலை குனிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளைக் கேட்டார்: “நீ போகலியாம்மா?”

“போனேனேப்பா.”

“பொய் சொல்லாத.”

மேடையில் கொழும்புப் பத்திரிகைப் படக்காரர் கேட்டார்: “நானும் எத்தனையோ போராட்டத்தைப் படமெடுத்திருக்கேன். யாரும் இப்படி நிமிர்ந்து கண்ணைப் பார்த்ததில்லை. எப்படி?”

படத்தில் முன்வரிசையில் இருக்கும் மூக்காயி மைக்கைப் பிடுங்கினாள்.

“ஒங்களாட்டம் வெளியாளு எடுத்திருந்தா முந்தானைய இழுத்து மூஞ்சிய மூடியிருப்போம், சேர். எடுத்தது எங்ககூட பால் வெட்டுற புள்ள. ‘வெக்கப்படாம என்னையப் பாருங்கக்கா’ன்னுச்சு, பாத்தோம். ஏ ஜெசிந்தா, எந்திரிச்சு வாடி!”

லோரன்ஸ் சின்னத்தம்பியின் தோளை உலுக்கினார்.

“நல்லாப் பாருடா! அத்தன பேரும் எம்மகளத்தான் பாக்குறாங்க!”