மரத்தடி ஏச்சு

"உன் வீட்டுக்காரரை இன்னிக்கும் கங்காணி கையைப் பிடிச்சு வெளிய இழுத்துட்டுப் போனாரு ராசம்மா. காலையிலேர்ந்து நாலு தடவை."

ஆலையில் ரப்பர் ஷீட் உலர்த்தும் கருப்பாயி, மத்தியானம் தண்ணீர் பிடிக்க வந்த இடத்தில் சொன்னாள். ராசம்மா குடத்தை அப்படியே வைத்தாள்.

ஒரு மாதமாக ரெங்கம் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இதே பேச்சுதான். அவள் புருஷன் ஐயாசாமிக்கு ஆலையில் ஷீட் அழுத்தும் உருளை மெஷின் வேலை. கங்காணி காளியப்பன் அவனை மட்டும் மரத்தடிக்கு இழுத்துப்போய், முகத்துக்கு நேரே விரலை ஆட்டி ஏசுகிறாராம்.

வீட்டில் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, சோத்தைப் போடு" என்பான் ஐயாசாமி.

"இன்னிக்கு ரெண்டில ஒண்ணு பாத்துர்றேன்." சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

அவள் ஆலைக்குப் போன நேரம், கங்காணி ஐயாசாமியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். ராசம்மா விறகு அடுக்கின் பின்னால் நின்று காது கொடுத்தாள்.

"மூணாவது உருளையைக் கொஞ்சம் தளர்த்து. நாலாவதை அப்படியே விடு. எங்க, திருப்பிச் சொல்லு."

விரல்தான் ஆடியது. குரலில் கோபமே இல்லை.

ஐயாசாமி ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

ராசம்மா முன்னால் வந்தாள். "இதச் சொல்லத்தான் நாலு பேர் பாக்க இழுத்துட்டு வர்றீங்களா, கங்காணி?"

காளியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"உள்ள எஞ்சின் ஓடுறப்ப உன் புருஷனுக்குப் பேச்சு பிரியல தங்கச்சி. சத்தம் கேக்குது, சொல்லு புரியல. போன மாசம் 'நிறுத்து'ன்னேன். 'இறுக்கு'ன்னு எடுத்துக்கிட்டான். ஷீட்டெல்லாம் கிழிஞ்சு போச்சு. ஆளு செவிடுன்னு ஆபீசுல கணக்கு எழுதுற கிராணி சந்தேகப்படுறாரு."

"அவரா செவிடு? தூளியில புள்ள புரண்டா அவருதான் முதல்ல எந்திரிப்பாரு."

"தெரியும். அதான் வெளிய கூட்டிட்டு வந்து சொல்றேன். எழுதிக் காட்டலாம்னா, எழுத்தும் அவனுக்கு ஒண்ணோட ஒண்ணு கலங்குதாம்."

அது ராசம்மாவுக்கும் தெரிந்ததுதான். மூன்று வருஷம் பள்ளிக்கூடம் போனவன், ஊர்க் கடுதாசியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துத்தான் படிக்கச் சொல்வான்.

"அதுக்கு எதுக்கு விரலை ஆட்டணும்?"

"ரப்பர் விலை விழுந்து கெடக்கு. செவிடு, நொண்டின்னு பேரை வெட்டி, ஊருக்கே திரும்பிப் போன்னு நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏத்துறாங்க. நான் இவனுக்குச் சலுகை காட்டுறேன்னு தெரிஞ்சா அடுத்த கப்பல்ல இவன்தான். ஏசுறேன்னு நெனச்சா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. வீட்டுலகூடச் சொல்லாதேன்னு நான்தான் சொன்னேன். லயத்துக்குப் போற பேச்சு ஆபீசுக்கும் போயிரும்."

ராசம்மா உள்ளே உருளையருகே நின்ற புருஷனை எட்டிப் பார்த்தாள்.

"அங்க என்ன கூட்டம்?" ஆலை வாசலில் கிராணி நின்றிருந்தார்.

காளியப்பன் முகம் வெளுத்தது. ராசம்மா எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் குரலை எழுப்பினாள்.

"பாருங்க கிராணியாரே, எங்க வீட்டுக்காரரை இந்த மனுஷன் வாயில வந்தபடி ஏசுறாரு. நீங்களாவது கேக்கக் கூடாதா?"

"வேலை படியணும்னா ஏச்சு வாங்கத்தான் வேணும், போ." கிராணி சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் ராசம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"வாரத்துக்கு ஒரு தடவை வந்து இப்படிக் கத்தினாப் போதுமா, கங்காணி?"