கைகாட்டிய எதிரி

பேருந்து ஓட்டுநர் சீருடையைக்கூடக் கழற்றாமல் சோபா நுனியில் உட்கார்ந்திருக்கிறார். மகளின் போனை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார், அதில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஓடுகிறது. "செத்துடாதீங்கப்பா, கடைசி ஆட்டம். நின்னா சுட்டுடுவாங்க, ஜீப்பை ஓட்டிக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு, அழுகிற தம்பியைத் தூக்க அவள் உள்ளே ஓடியிருக்கிறாள். திரைக்குள் மாலை வெயில் மஞ்சளாகக் கிடக்கிறது. ஜன்னலுக்கு வெளியிலும் அதே வெயில்தான். சாலையோரத்தில் துப்பாக்கியோடு ஒருவன் கையை ஆட்டுகிறான். பழக்கதோஷம், அவருடைய வலது கால் தரைவிரிப்பை அழுத்துகிறது, கட்டைவிரலும் கூடவே திரையில் பிரேக்கை அழுத்த, ஜீப் அவன் பக்கத்தில் பதமாக நிற்கிறது. "அங்கிள், அவன் எதிரி! இடிச்சுத் தள்ளுங்க!" என்று மகளின் கூட்டாளிகள் போனுக்குள்ளிருந்து கத்துகிறார்கள். "எதிரின்னா எதுக்குப்பா கை காட்டுறான்?" என்று அவர் கேட்கிறார். கேலிக்குக் கையாட்டியவன் குழம்பிப்போய், சுட மறந்து, ஜீப்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். இடுப்பில் குழந்தையோடு திரும்பி வந்த மகள் அவர் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்க்கிறாள். அவர் நிமிராமலே கேட்கிறார்:

"ஏம்மா, இவன் எங்க போகணுமாம்?"