கால் பங்கு தின்னர்

“முக்கால் பங்கு பெயிண்ட், கால் பங்கு தின்னர். அந்தக் கால் இல்லேன்னா எதுவும் ஓடாதுக்கா. எத்தனை தடவை சொல்றது!”

கத்திவிட்டுத் தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டான். அக்காவிடம் குரலை உயர்த்தி அவனுக்குப் பழக்கமில்லை.

அவளோ சிரித்தபடி இன்னும் நாலு சொட்டுத் தின்னர் விட்டுக் கலக்கினாள். ஏர்பிரஷ்ஷின் விசையை அமுக்கினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட். இவ்வளவுதான் பாடம். அது கைக்குப் படிய மூன்று வாரம் ஆகிவிட்டது. அதற்குள் ஒரு கட்டுப் பழைய பேப்பர், இரண்டு டஜன் பிளாஸ்டிக் ஸ்பூன், தம்பி ஆசை ஆசையாக ஒட்டி வைத்திருந்த குட்டி விமானங்களில் மூன்று, எல்லாம் பலி.

நாலாவது விமானத்தின் இறக்கையில் சிவப்பு சிதறி, திசைக்கொரு கோடாக ஓடியது.

“ரொம்பக் கிட்டப் பிடிக்கிறே. பாரு, எட்டுக்கால் பூச்சி!”

“எட்டா? எனக்கு அவ்வளவு பேராசை இல்லடா.”

துடைத்துவிட்டு மறுபடி அடித்தாள். இந்தத் தடவை சீராகப் படிந்தது.

காற்றடிக்கும் கம்ப்ரஸரின் சத்தத்துக்கு மேலே அம்மா கத்தினாள். “நாளைக்கு லீவு முடியுது. மேனேஜர் சொன்னதை யோசிச்சியா, இல்ல பொம்மைக்குப் பவுடர் போட்டுட்டே இருக்கப்போறியா?”

ஏழு மாதம் கழித்து வேலைக்குத் திரும்புகிறாள். பதினோரு வருடமாக முன் கவுன்ட்டர் அவளுடையது. ‘இனிமே உள் ரூம்ல ஃபைல் பாருங்கம்மா, உங்க நல்லதுக்குத்தான்’ என்று மேனேஜர் போனில் தேன் ஒழுகப் பேசியிருந்தார். அதை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஓரமாப் போட்டு வைக்க நான் என்ன உடைஞ்ச நாற்காலியா? முன் கவுன்ட்டர்லதான் நிப்பேன்.”

“நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்கடி.”

“ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பேசட்டும்மா. டேய், அந்தப் பெரிய பெட்டியை எடு.”

தம்பி தயங்கினான். “நிஜமாவா? அது ஒண்ணுதான் இருக்கு. கெட்டுப்போனா மாத்து கிடையாதுக்கா.”

“அதுக்குத்தானே இத்தனை விமானத்தைப் பலி கொடுத்தேன்!” மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை தம்பி பெட்டியோடு வந்தான். “வார்னிஷ் நல்லா காஞ்சிடுச்சுக்கா. இனிமே உரியாது.”

கட்டிலில் உட்கார்ந்திருந்தவளின் ஸ்கர்ட்டைப் பார்த்து அம்மா கெஞ்சினாள். “முட்டியோட நிக்குதே! கொஞ்சம் நீளமாப் போட்டுக்கடி. யாருக்கும் தெரியாது.”

“எல்லாருக்கும் தெரியணும்னுதாம்மா மூணு வாரம் பழகினேன்.”

தம்பியைப் பார்த்துக் கண்ணடித்தாள். “கால் இல்லேன்னா எதுவும் ஓடாதுன்னு சொன்னியே, இப்போ பாரு” என்றபடி, தீ ஜுவாலைகள் பளபளத்த செயற்கைக் காலை இடது முட்டிக்குக் கீழே மாட்டிக்கொண்டு எழுந்து நின்றாள்.