பாதிக் கூடு

காட்டுக்கென்று ஓர் ஆஸ்பத்திரியைப் பனையில் தொங்கக் கட்டி முடித்த தூக்கணாங்குருவி, அனுமதி தரும் யானையாரை மார்தட்டி அழைத்தது.

"வாசல் அடியில இருக்கே! சிறகொடிஞ்ச மைனா எப்படி ஏறும்?" என்றார் யானையார்.

குருவி மொத்தத்தையும் பிரித்துத் தரையில் கட்டியது.

"வாசல் இத்தனூண்டு இருக்கே! மைனாவைத் தூக்கிட்டு வர்ற முயல் எப்படி நுழையும்?" என்றார் யானையார்.

குருவி முணுமுணுத்தபடி மறுபடியும் பிரித்தது. மைனா வெளியே முனகிக்கொண்டு கிடந்தது.

குருவியின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "நம்ம கூட்டை மட்டும் பாதியிலேயே எனக்குக் காட்டினீங்களே, ஏன்?"

"பிடிக்கலைன்னா நீ பறந்துடுவியே!"

"யானை பறக்காதுங்கற தைரியமா?"

குருவி ஒரே ஒரு நார் முடிச்சுப் போட்டது. உடனே காடே அதிரக் கத்தியது: "ஐயா, கொஞ்சம் வந்து பாருங்க!"