விறையல்

“இன்னும் விறைக்கு மக்கா. நீயே பிடிச்சுப் பாரு.”

ததேயுஸ் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொன்னார். கார் ஜன்னலுக்கு வெளியே லேப்டாப்புடன் நின்ற அபினேஷ் கொட்டாவியை அடக்கிக்கொண்டான். மார்த்தாண்டத்தில் உள்ள அவனுடைய பட்டறைக்கு இந்தக் கார் இதே நடுக்கப் புகாருடன் வருவது மூன்றாவது முறை.

“முதல்ல வந்தப்ப எப்பிடி இருந்துது மாமா? இப்ப எப்பிடி இருக்கு?”

“அப்ப துள்ளிச்சு. இப்ப துள்ளல் இல்ல, விறையல்தான் உண்டு.”

துள்ளலுக்குக் காரணம் ததேயுஸின் மகன் லிஜின். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தவன், வேகம் போதவில்லை என்று டர்போவும் அதற்குத் தோதாகப் பெரிய இன்ஜெக்டர்களும் மாட்டினான். அவற்றுக்கு ஏற்றபடி காரின் கம்ப்யூட்டரை மாற்றுவதற்குள் லீவு முடிந்து விமானம் ஏறிவிட்டான். பாய்ந்து ஓடும்போது பெரிய இன்ஜெக்டர் நல்லதுதான். ஆனால் வண்டி நின்ற இடத்தில் நின்று ஐடிலில் ஓடும்போது, சொட்டு பெட்ரோல் போதும் என்கிற இடத்தில் அது செம்பால் கவிழ்க்கும். என்ஜின் மூச்சுத் திணறும். ஏறும், இறங்கும், அணைந்தும் போகும்.

அபினேஷ் முதலில் பெட்ரோல் அளவைக் குறைத்தான். அடுத்த முறை, பேட்டரியின் பலத்துக்குத் தக்கபடி இன்ஜெக்டர் திறக்கத் தாமதிக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்தான். கரும்புகை நின்றது. பெட்ரோல் வாடை போனது. புகார் மட்டும் போகவில்லை.

“மீட்டர் முள்ளைப் பாருங்க மாமா. செவத்துல ஆணி அடிச்சாப்புல நிக்கு.”

“முள்ளு எனக்கு எதுக்குலே? இருபத்தஞ்சு வருசம் சவுதியில டிரெய்லர் பிடிச்ச கையி இது. வண்டிக்க சீக்கு கைக்குத் தெரியும்.”

அபினேஷ் உள்ளே கைநீட்டி, ததேயுஸ் பிடித்திருந்த ஸ்டியரிங்கின் ஓரத்தைத் தொட்டான். லேசான நடுக்கம் இருப்பது போலத்தான் இருந்தது. தூக்கம் கெட்ட தலையில் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

“ஐடிலைக் கொஞ்சம் ஏத்திப் பாப்போம்.”

“எதையாவது செய்யி. போன வாரம் இனயம் ஊருல இருந்து ஒரு நர்ஸ் பிள்ளைய ஏர்போர்ட்டுக்கு ஏத்திட்டுப் போனேன். எனக்குப் பக்கத்துல முன்சீட்டுலதான் இருந்தா. களியக்காவிளை தாண்டல்ல, பயமா இருக்குண்ணு எறங்கி பஸ்ஸுல போயிட்டா. வண்டி அப்பிடி விறைச்சா பின்ன யாரு இருப்பா?”

“அத்தை என்ன சொல்லுகாவ?”

“குளோரியா? அவ முன்சீட்டுக்கே வரமாட்டா. பின்னால இருந்து ஜெபமாலை உருட்டுகா. அம்மையும் மவனும் போன்ல குசுகுசுண்ணு பேசி, வண்டிய வித்துரணும்ணு முடிவு பண்ணியாச்சு. நீ இண்ணைக்குச் சரியாக்கல்லண்ணா வாடகை ஓட்டம் போச்சு. அப்புறம் நான் வீட்டுல மோட்டுவளையப் பாத்துட்டுக் கெடக்க வேண்டியதுதான்.”

பக்கத்துச் சாயாக்கடை ஜெயபாய் எட்டிப் பார்த்தாள். “ஏலே அபினேஷு, இந்தக் காருக்கு இன்னும் பிரசவம் ஆவல்லியா?”

“தலைப்பிரசவம்லா அக்கா, லேட்டாகும்.”

“அப்ப சாயாவக் குடிச்சிட்டு வலி பாரு. ஆறிப்போவுது.”

“எனக்குப் பாதி கிளாஸ் போதும் பிள்ளே. நிறைய ஊத்தினா சட்டையிலதான் கொட்டும்,” என்றபடி ததேயுஸ் இறங்கினார். அவர் சாயாவை மேலே கொட்டிக்கொள்வதற்கும் கார்தான் காரணமோ என்று ஜெயபாய் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

“நீங்க குடிங்க மாமா. நான் கடைசியா ஒண்ணு செஞ்சு பாக்கேன்.”

அபினேஷ் ஐடிலைச் சற்று ஏற்றினான். ஏசியைப் போட்டான், ஹெட்லைட்டைப் போட்டான், அணைத்தான். முள் அசையவில்லை. ஒரு டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் எடுத்து என்ஜின் மூடிமேல் வைத்தான். ஒரு துளிகூடச் சிந்தவில்லை. இதற்குமேல் செய்ய அவனிடம் எதுவும் இல்லை. லேப்டாப்பை மூடிவைத்து, கண்ணெரிச்சல் தாங்காமல் பின்பக்கக் குழாயில் முகம் கழுவப் போனான்.

அதற்குள் கரண்டு போய்விட்டது. எதிர்க்கடை ஜெனரேட்டர் அலறத் தொடங்கியது.

அவன் திரும்பி வந்தபோது ததேயுஸ் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. கைகள் ஸ்டியரிங்மேல் இருந்தன. ஜெபம் செய்பவரைப் போல இருந்தார்.

“எப்பிடி மாமா?” ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்டான்.

“நீ மிடுக்கன்தாம்லே. என்ஜின் ஓடுகதே தெரியல்ல,” என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. பிறகு குரல் இறங்கியது. “ஆனா மக்கா... விறையல் மட்டும் போவல்லியே.”

 அபினேஷ் ஈரக் கையால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். முகம் கழுவப் போகுமுன் என்ஜினை அணைத்துவிட்டு எடுத்த கார் சாவி அங்கேதான் இருந்தது.